காலையில் ஆறு, மாலையில் ஆறு

கல்கத்தாவில் கிடர்பூரை ஒட்டிய ஒரு கப்பல் கட்டும் ஆலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர் சேஷாத்ரி. அங்கே ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும். அதில் வரைந்தவர் பெயர், அதன் கீழே சரிபார்த்தவர் பெயர். கடைசி இருபது வருஷம் அந்த இரண்டாவது பெயர் இவருடையதுதான். மற்ற சரிபார்ப்பாளர்கள் பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள். வரைந்தவனைக் கூப்பிட்டு நாலு பேர் காதில் விழும்படி காய்ச்சி எடுப்பார்கள். சேஷாத்ரிக்கு அதெல்லாம் ஆகாது. ஒரு ப்ளேடு, ஒரு ரப்பர். புள்ளி இடம் மாறி, பத்து மில்லிமீட்டர் தகடு நூறு மில்லிமீட்டர் ஆகியிருந்தால், சத்தமில்லாமல் சுரண்டித் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவார். தப்பு செய்தவனுக்கே தான் தப்பு செய்தது தெரியாது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் இளைய வரைவாளர்கள் கண் கலங்கினார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. நல்ல மனுஷன். ஆனால் இந்த மாதிரி நல்ல மனுஷர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. அடுத்தவரை ஒரு வார்த்தை கேட்காமலேயே அவருக்கு நல்லது செய்துவிடுவார்கள். கேட்டால் அவர் மனசு நோகுமாம். நொந்தால் நொந்துவிட்டுப் போகட்டுமே என்று இவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பெஹாலாவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி சாவித்ரி ஜாதவ்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்கு நாற்பது வயதில் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் தினமும் காலையில் எழுந்ததும் ஒரு மாத்திரை. எழுபத்தைந்து மைக்ரோகிராம். அதைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவது சேஷாத்ரியின் வேலை. நடுவில் ஒரு டாக்டர் போதவில்லை என்று சொல்லி ஒரேயடியாக நூற்றைம்பதாக ஏற்றினார். மூன்று வாரத்தில் சாவித்ரிக்குப் படபடப்பு வந்தது. கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, நாடி தாறுமாறாக ஓடியது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்தாலும் இதயம் பழையபடி ஆகவில்லை. நாலு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் மாடிப்படி ஏறும்போதே போய்விட்டாள்.

அந்த மாத்திரைதான் அவள் இதயத்தைத் தின்றது என்று சேஷாத்ரி நம்பினார். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நம்பினார். தினமும் நீட்டிய கை தன் கைதானே என்ற நினைப்பும் அவரை விடவில்லை. அந்த நூற்றைம்பதை ஏன் அன்றைக்குச் சரிபார்க்கவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

சாவித்ரி போன பிறகு வீட்டில் மிச்சமிருந்தது லுச்சி. வெளிர் நிற லாப்ரடார், பெண் நாய். குட்டியாக வந்தபோது உருண்டையாக, வெள்ளையாக, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பூரி மாதிரி இருந்தது. வங்காளிகள் மைதாவில் பொரிக்கும் அந்த வெள்ளைப் பூரிக்கு லுச்சி என்று பெயர். சாவித்ரிதான் அந்தப் பெயரை வைத்தாள். அவள் இருந்த காலத்தில் லுச்சி மூன்று மாடியையும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். தெருவில் மீன்காரன் குரல் கேட்டால் பால்கனிக் கம்பியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு குலைக்கும். பிராமண வீட்டு நாய்க்கு மீன்காரனைக் கண்டால் என்ன அவ்வளவு குதூகலம் என்று கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணி கேலி செய்வாள்.

எட்டு வயதானபோது அந்தக் குலைப்பு நின்றது. லுச்சி பருத்துக்கொண்டே போனது. அவர் போடுவதென்னவோ அதே இரண்டு வேளைத் தயிர் சாதமும் முட்டையும்தான். வாலில் முடி கொட்டி எலி வால் ஆனது. விலா இரண்டு பக்கமும் வழுக்கை விழுந்து தோல் கறுத்தது. பங்குனி வெயிலிலும் குளிர்கிறது போல வெயில் விழும் இடமாகத் தேடிப் படுத்தது. எல்லோரும் வயசாகிவிட்டது என்றார்கள். சேஷாத்ரிக்கு மட்டும் அது வேறு மாதிரி பட்டது. கண்ணுக்குக் கீழே உப்பிய அந்த முகத்தை, எதிலும் ஒட்டாத அந்தப் பார்வையை அவர் முன்னாலேயே பார்த்திருக்கிறார். சாவித்ரிக்கு நாற்பது வயதில் இதே முகம்தான் இருந்தது.

பெஹாலாவில் கால்நடை மருத்துவம் பார்க்கும் பூர்ணிமா வேறு யாருமில்லை, அவருடைய சிநேகிதர் மஹாதேவனின் பெண். மஹாதேவன் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பூர்ணிமாவுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளமாக வரும். பாவாடை சட்டையில் நவராத்திரி கொலுவுக்கு வந்து, சுண்டலை வாங்கிக்கொண்டு, பாடச் சொன்னால் அப்பா வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட குழந்தை. இன்றைக்கு முப்பத்தைந்து வயசு டாக்டர். சேஷாத்ரியின் கண்ணுக்கு மட்டும் இன்னும் அந்த வேட்டிக்குப் பின்னால்தான் நின்றாள்.

ரத்தம் எடுத்து அனுப்பி, நாலு நாளில் முடிவு வந்தது. மருத்துவமனையில் ஒரே கூட்டம். ஒரு அல்சேஷன் குலைத்துக்கொண்டே இருந்தது.

"மாமா, நீங்க சொன்னது ரைட். தைராய்ட் ஏக்தொம், ரொம்பவே லோ. ஆனா பயப்பட ஒண்ணுமில்ல, இதுக்கு மருந்து இருக்கு. ஆயுசு பூரா குடுக்கணும், அவ்ளோதான். மாமி சாப்பிட்டாளே, அதே மாத்திரை" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதினாள். "பாயிண்ட் சிக்ஸ் மில்லிகிராம், ரெண்டு வேளை. நூறு மைக்ரோ மாத்திரைல காலைல ஆறு, சாயங்காலம் ஆறு. வெறும் வயித்துல. ஆறு வாரம் கழிச்சு வாங்கோ, திரும்ப டெஸ்ட் பண்ணலாம்."

அல்சேஷன் மேஜையில் ஏறிவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சேஷாத்ரி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் ஆறு, மாலையில் ஆறு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மாத்திரை, ஆயிரத்து இருநூறு மைக்ரோகிராம். சாவித்ரியின் எடை ஐம்பத்தெட்டு கிலோ, அவளுக்கு எழுபத்தைந்து. நூற்றைம்பதே அவளைப் படுக்கையில் தள்ளியது. லுச்சி முப்பத்தைந்து கிலோ. அவருக்குக் கணக்குப் போடக் காகிதம் வேண்டியதில்லை. புள்ளி ஆறு என்று எழுதியிருக்கிறாள், புள்ளி பூஜ்யம் ஆறு என்று இருக்க வேண்டும். இந்த மாதிரிப் புள்ளிகளைத்தானே வாழ்க்கை முழுக்கச் சுரண்டித் திருத்தியிருக்கிறார்! குழந்தை அவசரத்தில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டது.

கேட்டிருக்கலாம். "ஏம்மா, இது ஜாஸ்தியில்லையோ?" என்று ஒரே ஒரு வரி. ஆனால் வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால், அவள் நாற்காலியில், மஹாதேவன் பெண்ணைத் தலைகுனிய வைப்பதா? அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லுச்சியை மெதுவாக வெளியே நடத்திக்கொண்டு வந்தார்.

மருந்துக்கடைக்காரன் சீட்டைப் பார்த்துவிட்டு, யானைக்கா அண்ணா என்று வங்காளத்தில் கேட்டுச் சிரித்தான். கொஞ்ச நஞ்சமிருந்த சந்தேகமும் அதில் தீர்ந்தது. வீட்டுக்கு வந்து, அறுபது மைக்ரோகிராமுக்கு ஏறக்குறைய அரை என்று மாத்திரையைச் சரிபாதியாக வெட்டினார். காலையில் அரை, மாலையில் அரை. வெட்டும்போது அவருக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. சாவித்ரிக்குச் செய்யத் தவறியதை லுச்சிக்குச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி. பாவம், அந்த நேரத்தில் அவரைப் பார்த்திருந்தால் யாருக்கும் திட்ட மனசு வந்திருக்காது.

நாயின் உடம்பு வேறு, மனுஷ உடம்பு வேறு. இந்த மருந்தை நாயின் குடல் பாதிகூட எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டதையும் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் எடைக்கு எடை பார்த்தால் நாய்க்குப் பத்து மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. இது கால்நடை மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலேயே யாரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பூர்ணிமா முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன மாமா இது, ஒண்ணுமே ஏறலையே. கரெக்டா குடுக்கறேளா?"

"குடுக்கறேன்மா."

"ஆறும் ஆறுமா?"

பக்கத்தில் கூண்டுக்கிளியோடு ஒரு அம்மாள் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறும் ஆறும்தான்" என்றார்.

"தயிர் சாதத்தோட கலந்து குடுக்கறேளோ? பால், தயிர் இருந்தா மருந்து உள்ள போகாது."

"இல்லம்மா. வெறும் வயித்துலதான்."

அவள் யோசித்தாள். சில நாய்களுக்கு மருந்து சரியாக உள்ளே இறங்காது, டோஸை ஏற்றிப் பார்க்கலாம் என்றாள். சீட்டில் எட்டும் எட்டும் என்று எழுதினாள். சேஷாத்ரிக்கு அவள்மேல் பரிதாபமே வந்தது. ஒரு தப்பின்மேல் இன்னொரு தப்பை அடுக்குகிறாளே, இவளிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? சாமர்த்தியமான பெண், அனுபவம் போதாது. கொஞ்ச நாள் அவள் கண்ணில் படாமல் இருப்பதுதான் அவளுக்கு நாம் செய்யும் உதவி என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவள் இரண்டு முறை ஃபோன் செய்தாள். "நன்னா இருக்கா, முன்னைக்குத் தேவலை" என்று இரண்டு முறையும் சொன்னார்.

தேவலைதான் என்று தன்னையும் நம்பவைத்துக்கொண்டார். சாவித்ரிக்கும் மருந்து பிடிக்க மாதக்கணக்கானது, இந்த மருந்தே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒருநாள் லுச்சி ஒரு மாடியை நிற்காமல் ஏறியது. அதையே பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் சந்தோஷமாக இருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் அதற்கு ஒரு மாடிகூட ஏற முடியவில்லை. இரண்டு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவரைப் பார்க்கும். அவரும் கூடவே படியில் உட்கார்ந்துகொள்வார். துர்கா பூஜை சமயத்தில் தெருவெல்லாம் மேளம் அடித்தார்கள். முந்தைய வருஷங்களில் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் நாய், அந்த வருஷம் காதைக்கூட அசைக்கவில்லை. அவர் மாத்திரையை அரை அரையாக வெட்டிக்கொண்டே இருந்தார். ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. ஒரு காலையில் மாத்திரையோடு போய், "லுச்சிம்மா, எழுந்திரு" என்று தட்டினார். எழவில்லை. முகம் வீங்கி, இமை பாதி மூடிக் கிடந்தது. தொட்டால் உடம்பு ஜில்லென்று இருந்தது. அத்தனை குளிரிலும் அதற்கு நடுக்கம் இல்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவே அவர் வெகுநேரம் விலாவில் கையை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. கீழ்வீட்டுப் பெண்மணியின் மகன்கள் இருவரும் வந்து, போர்வையில் போட்டு மூன்று மாடி இறக்கி, காரில் ஏற்றிவிட்டார்கள்.

பூர்ணிமா வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது முறையும் வைத்துப் பார்த்தாள். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். பெரிய நாய்க்கு எண்பது தொண்ணூறு இருக்க வேண்டிய துடிப்பு நாற்பத்தைந்துதான் இருந்தது.

"மாமா, இது தைராய்ட் சுத்தமா இல்லாம போனா வர கோமா. நான் புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், பார்த்ததே இல்ல. மருந்து சாப்பிடற நாய்க்கு இது வரவே கூடாது. வரவே கூடாது மாமா. எட்டும் எட்டும் குடுக்கறேளா இல்லையா?"

இந்த முறை அவரால் முடியவில்லை.

"அரையும் அரையும்" என்றார்.

"எட்டரையா?"

"அரை மாத்திரை. காலைல அரை, சாயங்காலம் அரை. ஆரம்பத்துலேர்ந்தே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புள்ளி இடம் மாறிவிட்டது என்று நினைத்ததை, மாமியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டதை, எல்லாவற்றையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு நாயின் குடல், நாயின் ரத்தம், பத்து மடங்கு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு நிமிஷம்.

"ஏன் மாமா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"எனக்கா?" என்றாள்.

ஊசியாகப் போடும் மருந்துக்கு ஊர் முழுக்க ஃபோன் செய்தாள். அன்று எங்கும் கிடைக்கவில்லை. மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் செலுத்தினாள். ஒரேயடியாகச் சூடு காட்டினால் இதயம் தாங்காது என்று கம்பளி மட்டும் போர்த்தினாள். சேஷாத்ரி தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம் லுச்சி கண்ணைத் திறந்தது. மூன்றாம் நாள் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. நாலாம் நாள் எழுந்து நின்றது.

ஐந்தாம் நாள் காலை அவர் உள்ளே நுழைந்தபோது, லுச்சி அவர் வருகிற சத்தத்துக்கே எழுந்து வந்தது. முடியில்லாத அந்த வாலை ஆட்டியது. வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடியது. முட்டையைக் கையிலிருந்து பிடுங்கித் தின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தெருநாய் போக, இரண்டு முறை குலைத்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் கேட்காத குரல். இப்படியும் ஒரு நாய் இத்தனை நாளாக உள்ளேயே இருந்திருக்கிறது, நாம்தான் கதவை வெளியிலிருந்து சாத்தி வைத்திருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மாமா, நம்பிக்கை வெச்சுக்காதேங்கோ" என்றாள் பூர்ணிமா. மயங்கிக் கிடந்தபோது எச்சில் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது, சளி பிடித்துவிட்டது. மாதக்கணக்காக மந்தமாக ஓடிய இதயம் இப்போது மருந்தின் வேகத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதற்குத் தெம்பு இல்லை. மருந்தை நிறுத்தினால் பழையபடி கோமா, கொடுத்தால் இதயம் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டோஸை அவள் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை. ஏழாம் நாள் பிற்பகல், அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, இரைத்து இரைத்து லுச்சி அடங்கியது.

பூர்ணிமா கையைக் கழுவிவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. நானும் சொல்லியிருக்கணும், என் தப்பும் இருக்கு என்றாள். அவர் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா?" என்றார். எத்தனையோ வருஷத்தில் அவர் ஒருவரைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "நீ எழுதினபடி குடுத்திருந்தா, இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பா?"

"அதெல்லாம் இப்போ எதுக்கு மாமா?"

"சொல்லு."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது மாமா, எப்படியும் போயிருக்கும், உங்க கையில ஒண்ணுமில்ல. இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். ஆறும் ஆறும்தான் என்று அவளிடம் தான் சொன்னதைப் போல ஒரு பொய். அவருக்கு அது ஒன்றுதான் இனி வேண்டியிருந்தது.

பூர்ணிமாவுக்கு அது வரவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற பெண் அவள்.

"மருந்து சரியா போனா இந்த வியாதியால ஆயுசு குறையாது மாமா" என்றாள். "இன்னும் மூணு வருஷம். நாலுகூட இருந்திருப்பா."